காயும் வரை ஆட்டக் கூடாது

பஞ்சர் ஒட்டுவதில் பாதி வேலை சும்மா இருப்பதுதான், ஐயா. டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் என்கிற ரப்பர் பசையைத் தடவிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் ரப்பர் துண்டை வைத்து அழுத்த வேண்டும். பொறுமை இல்லாதவன் ஈரத்தோடு வைத்துவிட்டு, சொல்யூஷன் சரியில்லை என்பான்.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டோரம் என் கடை. தவசி கடை என்றால் எல்லாருக்கும் தெரியும். வந்த வண்டிகளுக்கெல்லாம் சொல்யூஷன்தான் போட்டேன். உடைந்த பொம்மையை ஒட்டுகிற சொட்டுப் பசை இருக்கிறதே, அது கண்ணிமைக்கும் நேரத்தில் பிடிக்கும். ஆனால் காய்ந்தால் விறைத்துவிடும். டியூப் காற்றுக்கு விரியும், சுருங்கும். அந்தப் பசை விரியாது. வெயில் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடினால் ஓரம் விட்டுக் காற்று கசியும். அதை நான் பாண்டிமீனாவின் சைக்கிளுக்கு மட்டும்தான் போட்டேன்.

பாண்டிமீனா என் மனைவி. கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போக வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிச் சொல்கிற ஆள் நான் இல்லை. பாதி வழியில் காற்று இறங்கும். தள்ளிக்கொண்டு என் கடைக்கே வருவாள். வேர்த்து வழிய நிற்கிறவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மறுபடியும் அதே பசையால் ஒட்டிக் கொடுப்பேன். அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

வழியில் வேறு கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் சைக்கிள் கடைக்காரன் பெண்டாட்டி இன்னொரு கடையில் போய் நின்றால் ஊர் சிரிக்கும், இல்லையா? கல்யாணமான புதிதிலேயே அதைச் சொல்லி வைத்திருந்தேன். அவளும் அதை மதித்தாள். ரோட்டோரத்துக் கருவேல முள்ளைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சித்திரையில் கிளினிக் டாக்டர், இனி தாமதமாக வந்தால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பயத்தில் மாட்டுத்தாவணிப் பக்கம் நல்லகாமனின் சைக்கிள் கடையில் வண்டியை நிறுத்திவிட்டாள். டியூபை வெளியே எடுத்தால் தொழில்காரன் கண்ணுக்கு எதையும் மறைக்க முடியாது. "என்ன மதினி, அண்ணே தூக்கத்துல ஒட்டுனாரா?" என்று சிரித்திருக்கிறான். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "தெரிஞ்சேதான ஒட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"அவசரத்துக்குப் போட்டேன்" என்றேன்.

"அம்புட்டு நாளும் அவசரமா?"

மறுநாள் பையை எடுத்தாள். "கிளினிக் மாடியில ரூம் தாராங்க. நான் அங்கிட்டே இருந்துக்கிறேன். இனிமே வர மாட்டேன்." குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு ஒரு போக்கிடம் இருந்தது, ஐயா. எனக்கு அவளைத் தவிர எதுவும் இல்லை.

அதற்கு அடுத்த நாள் விடியலில் அழகர் வைகை ஆற்றில் இறங்குகிறார். முந்தின சாயங்காலமே தெரு மொத்தமும் சாமி பார்க்கக் கிளம்பிவிட்டது. எங்களுடையது தகரக் கூரை போட்ட, ஜன்னல் இல்லாத ஒற்றை அறை, வெளியே திறக்கிற இரும்புக் கதவு. தாழ்ப்பாள் போட்டால் பெண்டாட்டியை அடைத்து வைத்திருக்கிறான் என்பார்கள். போகிற வருகிற எவனாவது திறந்தும் விடுவான். ஒட்டிவிட்டால் வெறுமனே சாத்திய கதவு மாதிரிதான் தெரியும். இரும்புக்குச் சொல்யூஷன் ஆகாது, சொட்டுப் பசையும் நிற்காது. இரண்டு குழாயைக் கலந்து தடவுகிற பசைதான் சரி. அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்தி, இடுக்கு முழுக்க நிதானமாகத் தடவினேன். அவளுடைய போன் என் சட்டைப்பையில் இருந்தது. பசை பிடிக்கிற வரை கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன்.

அவள் தள்ளினாள், தட்டினாள். "கதவத் தெறங்க" என்று கத்தினாள்.

"ஆட்டாத மீனா, ஒட்டாது" என்றேன்.

ராத்திரி கடையில் படுத்துவிட்டு, விடிந்ததும் போய்த் தொட்டுப் பார்த்தேன், நன்றாகப் பிடித்திருந்தது. போக மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நெம்பித் திறந்துவிடலாம் என்று நின்றேன். அவள் தண்ணீர்தான் கேட்டாள். குடம் வாசல் குழாயடியில் இருந்தது. எங்கள் கடைக்கு முன்னால் வருடா வருடம் பந்தல் போட்டு, சாமி பார்க்கப் போகிற ஜனங்களுக்கு நீர்மோர் கொடுப்பார்கள். அங்கே ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டார்கள், போனேன். நல்ல வெயில். வந்தவர்களுக்கெல்லாம் வயிறு நிறைய ஊற்றினேன். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அவள் எதுவும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு மலையம்மாள் மறுநாள் ஊர் திரும்பியதும் மீனாவைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆட்களைத் திரட்டினாள். கடப்பாறையால் நெம்பியபோது நிலைதான் பெயர்ந்து வந்தது. தகரச் சூட்டில் தாகத்திலேயே அவள் செத்துப்போயிருந்தாள். கொன்றது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஊர் என்னைக் காறித் துப்புகிறது, துப்பட்டும். ஆனால் தவசியின் பெண்டாட்டி அவனை விட்டுப் போய்விட்டாள் என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது, ஐயா.