சூடேறினால் விடும் ஒட்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் ஆள் திரும்பி வரமாட்டார். என் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. யாரும் வராத வாரங்களில் என் குரல் எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்துபோகும். குறையாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

கார்ட்டூன்காரர் முதலில் வந்தபோது கம்ப்யூட்டரில் படங்களைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கார்ட்டூன் படம் செய்து கொடுப்பவர். வேலை வேகமாக நடக்கட்டும் என்று புதுக் கார்டு வாங்கி, தானே மாட்டப் பார்த்திருக்கிறார். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கார்டின் ஓரத்தில் உராய்ந்துவிட்டது. எள்ளைவிடச் சிறிய துணுக்கு ஒன்று தெறித்து விழ, திரை கறுத்துவிட்டது. தரையெல்லாம் தடவி அந்தத் துணுக்கைக் கண்டுபிடித்து, டேப்பில் ஒட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

“அண்ணே, இது போச்சுன்னா என் பொழப்பே போச்சு. அடுத்த மாசம் படத்தைக் குடுத்தாகணும்.”

“உக்காருங்க, பார்ப்போம்” என்றேன்.

சின்ன வேலைதான். நான் இழுத்தேன், அவர் பேசினார். படத்தில் ஒரு வாலில்லாத நரி வருகிறதாம். அது நடக்கும்போது காது எப்படி ஆட வேண்டும் என்று கையை வைத்துக் காட்டினார். நரியின் குரலில் பேசியும் காட்டினார். கடைக்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது என்னுடையது என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

அதனால்தான் துணுக்கை ஒட்டும் ஈயத்தை முழுதாக உருகவிடவில்லை. துணுக்கு உட்கார்ந்திருக்கும், பிடித்திருக்காது. கடையில் சோதித்தால் திரை பளிச்சென்று வரும். வீட்டில் கனமான வேலை கொடுத்துக் கார்டு சூடேறினால் ஒட்டு விட்டுவிடும். அவர் வந்தார். மறுபடி அப்படியே ஒட்டினேன். மறுபடியும் வந்தார். முதல் தடவைக்குப் பிறகு நான் காசு வாங்கவில்லை. அந்த அளவுக்கு மோசமானவன் இல்லை.

“நல்லாத்தானே ஓடுச்சு, எப்படிண்ணே திரும்பத் திரும்பப் போகுது?” என்று ஒருநாள் கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

“வீட்ல யாராச்சும் கம்ப்யூட்டரை இடிச்சிருப்பாங்க. பெருக்கும்போது பட்டிருக்கும்.”

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும்.

அதன்பின் நரியைப் பற்றிய பேச்சு குறைந்தது. மனைவி தொடவேயில்லை என்று சாதிக்கிறாராம். “இடிச்சது பெரிசில்லண்ணே. பொய் சொல்றா பாருங்க, அதைத்தான் தாங்க முடியல” என்றார். “விடுங்க, தெரியாமத்தான் பட்டிருக்கும்” என்று நான்தான் சமாதானம் சொன்னேன். படம் தாமதமாகி, கம்பெனி அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. மனைவி துணிமணியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். கார்ட்டூன்காரர் என் கடையிலேயே பொழுதைக் கழித்தார். உள்ளபடி சொன்னால், எனக்கு அவை நல்ல நாட்கள்.

ஆனால் யாருமில்லாத வீட்டில் கார்டு மறுபடி போனால் அவர் யோசிப்பார். ஆகவே அப்போதுதான் முதல்முறையாக அதை ஒழுங்காக ஒட்டிக் கொடுத்தேன். அதோடு அவர் வருவது நின்றுபோயிற்று.

போன வாரம் அவர் மனைவி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அவருக்கு வேற கம்பெனில வேலை கிடைச்சிருக்கு. கார்டு இப்ப நல்லா ஓடுதாம். நான் போனதும் சரியாயிடுச்சு, அப்ப நான்தான் இடிச்சேன்னு முடிவு கட்டிட்டாரு. நீங்க சொன்னா கேப்பாருண்ணே. நான் தொடலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“உங்களுக்கே தெரியாமப் பட்டிருக்கும்மா” என்றேன்.

“அப்படியும் இருக்கலாம்” என்று மெதுவாகச் சொன்னார். கிளம்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கார்டு சரியானதும் உங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடணும்னு மொத நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. அண்ணனுக்கு யாருமில்ல போல, நாம இருக்கணும்னு சொல்வாரு” என்றார்.

மரியாதைக்குச் சொல்லியிருப்பார். பழுதில்லாமல் ஒருவரை யாரும் தேடி வருவதில்லை. அவர்கள் நிஜமாகவே கூப்பிட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டால், நான் செய்தது குற்றமாகிவிடும்.