பேக்கப்பிலிருந்து வந்தவள்

சாயங்காலம் ஆறே முக்கால். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்கச் சாலை... இரண்டு பக்கமும் கம்பெனி மதில். விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. இரும்பு உருக்குகிற வாடை. எங்கேயோ ஒரு டிரான்ஸ்பார்மர் 'ம்ம்ம்' என்று...

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். உங்களுக்காக இல்லை, சொல்கிறவனுக்காக.

அந்தச் சாலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தான் எட்வர்ட். என் சிநேகிதன் மோகன்ராஜ் இருக்கிறானே, அவன் தங்கச்சி ஷைனியைக் கட்டியவன். பின்சீட்டில் ஷைனி. வேகத்தடை ஒன்று வந்தது. வண்டி துள்ளியது... ஆள் ஏறாத வண்டி துள்ளுகிற மாதிரி. எட்வர்ட் ஒரு கையைப் பின்னால் விட்டுத் தடவினான். அவள் முழங்கால் தட்டுப்பட்டது. இருக்கிறாள். எடைதான் இல்லை.

காரணம் அவனுக்குத் தெரியும். பயமே அதுதான்.

இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. ஷைனி பேக்கிங்கில். எட்வர்ட் கம்ப்யூட்டர் அறையில், டேட்டாபேஸ் பார்க்கிறவன். முன்பெல்லாம் கேட்டுக்கு ஒரு கணக்கு, கேன்டீனுக்கு ஒரு கணக்கு, கம்பெனி பஸ்ஸுக்கு வேறு ஒன்று. இந்தப் பக்கம் வேலையை விட்டு நின்றவன் அந்தப் பக்கம் மாசக்கணக்கில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். எட்வர்ட் எல்லாவற்றையும் ஒரே டேட்டாபேஸில் கோத்தான். ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். கூடவே ஒரு பூட்டு. ஒருவர் 'காலமானார்' என்று பதிந்துவிட்டால் அப்புறம் யாராலும் திருத்த முடியாது. செத்தவன் பேரில் ஒரு கான்ட்ராக்டர் சம்பளம் வாங்கியதால் வந்த பூட்டு. நல்ல எண்ணம்தான். பேய்க் கதையில் எல்லாக் கேடும் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கும்.

அன்றைக்கு மதியம் அந்தக் 'காலமானார்' வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. யாரிடம் போய் 'அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் செத்துக்கிறீங்களா' என்று கேட்பது? தன் பேரைப் போட்டால் தன் லாகினே பூட்டிக்கொள்ளும். பெண்டாட்டிதானே என்ற உரிமையில் ஷைனியின் நம்பரைத் தட்டினான். சோதனைக்கென்று வைத்திருந்த நகலில் தட்டியதாக நினைப்பு. தட்டியது அசலில்.

பிரமாதமாக வேலை செய்தது. பஸ்ஸில் ஒரு சீட் காலி, கேன்டீனில் ஒரு சாப்பாடு குறைவு. ஷிப்ட் முடிந்து ஷைனி கேட்டில் கட்டைவிரலை வைத்தாள். மிஷின் கம்மென்று இருந்தது. வாட்ச்மேன் சுப்பராயன் தினமும் அவளிடம் என்ன குழம்பு என்று கேட்காமல் விடாதவர். அவளைத் தாண்டி எட்வர்டைப் பார்த்தார்.

"இன்னா சார், வூட்டுக்காரம்மா இன்னிக்கு லீவா?"

பெரியவர் கிண்டல் பண்ணுகிறார் என்று ஷைனி சிரித்தாள். எட்வர்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே பைக்கை எடுத்தான்... அந்த வேகத்தடை வந்தது.

புதுகும்மிடிப்பூண்டியில் வீடு. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, குழந்தையை உள்ளே விட்டுவிட்டுப் போனார். ரெண்டு வயசுப் பெண். ஷைனி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்துகொண்டே வாசலைப் பார்த்து 'அம்மா... அம்மா...' என்று அழுதது.

அணைந்த மெழுகுவத்தி வாடை. அவள் தலைமுடியிலிருந்து வந்தது.

"இன்னாயா பண்ண என்னிய?"

பக்கத்தில் நின்ற ஷைனியின் குரல் அடுத்த அறையிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. எட்வர்ட் எல்லாவற்றையும் சொன்னான்.

குழந்தையைக் கன்னியம்மாவிடமே விட்டுவிட்டு இருவரும் கம்பெனிக்கு ஓடினார்கள். கம்ப்யூட்டர் அறையில் ஏசி சத்தம் மட்டும். திருத்தப் பார்த்தான், பூட்டு விடவில்லை. வாழ்க்கையில் அவன் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். மிச்சம் ஒரே வழி: முன்பு சேமித்து வைத்த பழைய பேக்கப் எதிலிருந்தாவது அவள் பதிவை மட்டும் எடுத்து இதன்மேல் வைக்க வேண்டும். தினமும் பேக்கப் எடுக்கிறவன்தான், எடுத்ததைத் திறந்து பார்த்தவனில்லை. சுவரில் தொங்குகிற தீயணைப்பு சிலிண்டர் மாதிரி, இருக்கிறது என்பதே நிம்மதி. நேற்றையது திறக்கவில்லை. போன மாதத்தது திறக்கவில்லை. போன வருஷத்தது... வெறும் பூஜ்யம். அவன் தோளில் ஷைனியின் கை. ஒவ்வொன்றாகத் தவறத் தவற, அந்தக் கை லேசாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் ஒன்று திறந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தையது. கல்யாணமான புதிது. யோசிக்க நேரமில்லை... போட்டான்.

கிரீச்.

பின்னால் நாற்காலி அழுந்துகிற சத்தம். ஷைனி உட்கார்ந்திருந்தாள், முழு எடையோடு. மூக்கு ஒழுக அழுதான் எட்வர்ட். அவளோ ஒன்றும் புரியாமல், பசிக்கிறது, போகலாமா என்றாள். வெளியே பைக்கைப் பார்த்து, இதை எப்போது வாங்கினாய் என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று அதற்கும் சிரித்தான், பாவி.

வீட்டு வாசலில் கன்னியம்மா நின்றார். அவர் இடுப்பிலிருந்து குழந்தை இரண்டு கையையும் நீட்டி 'அம்மா' என்று தாவியது. ஷைனி எட்வர்டுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"யாரு வூட்டுக் கொழந்தயா இது? என்னியப் போயி அம்மான்னுது."

எட்வர்ட் வாயைத் திறந்தான். குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தான்... நாக்கு நுனிவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

இதைப் போன வாரம் என்னிடம் சொன்னது மோகன்ராஜ்தான். ஞானஸ்நானத்துக்கு வெள்ளிக் கொலுசு போட்ட தாய்மாமன், சொல்லும்போதே அழுதுவிட்டான். குழந்தையின் பேரையும் சொன்னான். என் மண்டையில்தான் நிற்கவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று, இங்கே கிளம்பும்போது அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"எந்தக் கொழந்தடா? ஷைனிக்குக் கொழந்தயே இல்லியே."