படரும் செடிக்கு ரோஜா உரம்

தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை, ஃப்ரீமான்ட் நகரத்து மௌரி அவென்யூவில் இந்திய மளிகைக் கடை. பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

“செடி படுத்தே கிடக்குதுன்னு என் வீட்டுக்காரருக்குப் பாவமா இருந்துச்சாம்!”

“என்ன செடிப்பா?”

“க்ரெவில்லியா. ஆஸ்திரேலியாச் செடி. அது தரையோடதான் படரும். வாசல் சரிவுல மூணு வருஷமா வளர்த்தேன். இப்பதான் சிவப்பாப் பூத்து, ஹம்மிங்பேர்ட் எல்லாம் வர ஆரம்பிச்சுது.”

“அப்புறம்?”

“நான் ஆபீஸ் போயிருந்தப்ப, நிமிர்ந்து வளரட்டும்னு சார் ரோஜா உரத்தை அள்ளிக் கொட்டிட்டார். அந்த உரம் இதுக்கு விஷம். வாங்கும்போதே லேபிள்ல போட்டிருந்துச்சு. பிஎச்டி பண்ணின மனுஷனுக்கு லேபிள் படிக்கத் தெரியல. மொத்தமும் கருகிப்போச்சு.”

“மெதுவாப் பேசு, பின்னாடிதான் நிக்கிறார்.”

“நல்லாக் கேக்கட்டும்.”

அவர்களுக்கும் எனக்கும் நடுவே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், “வேற வாங்கித் தரேன்னுதான் சொன்னேனே,” என்றார் தணிந்த குரலில்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தாராளமா வாங்குங்க. ஆனா, தயவுசெஞ்சு எனக்கு ஹெல்ப் மட்டும் பண்ணாதீங்க.”