ஜெபராஜ் அண்ணாச்சி வீட்டு மாண்டலின்

இல்ல கர்ணா, நான் இத வாங்குனது நவம்பர் இல்ல. போன அக்டோபர், மூணாவது வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு அடிச்சு அஞ்சு நிமிசம். போடி ஊரு பூரா இருட்டிக்கிட்டு மழை வரப் பாக்குது. ஏலக்கா யாவாரம் பண்ணுன ஜெபராஜ் அண்ணாச்சி இருக்காகள்ல, அவுக வீட்டு முன்ரூம்ல வச்சுத்தான் இந்த மாண்டலினை மொதமொதல்ல பாத்தேன். தேதில எனக்குத் தப்பு வராது, முப்பத்தி நாலு வருசம் கணக்கு நடத்துனவ. நீ வாயில கம்பிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்லாத, குத்திரும். தலைய மட்டும் ஆட்டு, போதும்.

எட்டுக் கம்பியையும் ஒண்ணாக் கழட்டலாமா டீச்சர்னு ஃபோன்ல அந்தச் சிரிப்புச் சிரிச்ச. சிரிப்ப, சிரிப்ப. தொடைக்கிறதுன்னா முழுசாத் தொடைக்கணும்னு எல்லாத்தையும் கழட்டி, நம்பர் போட்டு, வரிசையாப் பேப்பர்ல ஒட்டி வச்சேன். இந்த பிரிட்ஜுக் கட்டைய ஒட்டவே இல்ல, கம்பி அழுத்துற அழுத்தத்துலதான் நிக்குதுன்னு எனக்கு யாரு சொன்னா? கடைசிக் கம்பி கழண்டதும் டொக்குன்னு கையில விழுந்துருச்சு. பதறிப் போனேன். அப்புறம் ஸ்கேல எடுத்து அளந்து, கழுத்துப் பட்டையில பன்னெண்டாவது ஃபிரெட்டுக் கட்டுக்கு அந்தப் பக்கம் எம்புட்டோ இந்தப் பக்கமும் அம்புட்டுன்னு சரியா வச்சுட்டேன்.

என்ன, சரியில்லையா? ஒரு நூல் தள்ளணுமா? ஸ்கேல்ல சரியாத்தானப்பா இருக்கு. சரி, தள்ளு, தள்ளு. ம்ம். இப்பக் கேக்குது. ஸ்கேல் தோத்துருச்சு, போ.

டீய எடுத்துக்கோ, ஆறிரும். இந்த ஓட்டைக்குள்ள மூக்க வச்சுப் பாத்துருக்கியா? பாரு. ஏலக்கா வாசம் வருதா? நாப்பது வருசம் மூட்டை அடுக்குற ரூம்லதான் வச்சுருந்தாக. மழை நாள்ல இன்னும் தூக்கலா வரும். தெனமும் மொதல்ல மூக்கு, அதுக்கப்புறந்தான் விரலு. கெழவிக்கு வந்த கிறுக்கப் பாருன்னு நெனைக்கிறேல்ல? உள்ள ஒரு சீட்டு ஒட்டிருக்கு, கல்கத்தா, ஐம்பத்தெட்டுன்னு. என்னைய விட ஒரு வயசுதான் கம்மி.

வாசிக்கத்தான் வாங்குனேன், செவத்துல மாட்டி அழகு பாக்க இல்ல. காலைல அஞ்சரைக்குக் காப்பி, அஞ்சே முக்காலுக்கு இது. மொத ரெண்டு மாசம் விரல் நுனி அப்படி எரிஞ்சுச்சு. இப்பத் தொட்டுப் பாரு, தோலு காச்சுப் போயிருச்சு. சோடிக் கம்பி ரெண்டும் ஒட்டி ஒரே சத்தமா வரும்போது நெஞ்செலும்புக்குள்ள ஒரு நடுக்கம் ஓடுதே, அது உனக்குப் பதினாறு வயசுல தெரிஞ்சுருக்கும். எனக்கு அறுபத்தேழுலதான் தெரிஞ்சுச்சு. ஒரு கீர்த்தனை முழுசா வாசிச்சு முடிச்ச அன்னைக்கு, நம்பு, தனியா உக்காந்து கை தட்டிக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு. நான் காப்பி குடிக்கிற நேரத்துக்கு உன் ஜீப்பு ஏலத்தோட்ட வேலைக்குப் பதினாலு பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டுப் போடிமெட்டு ஏறிக்கிட்டிருக்கும். மொதக் கம்பியத் தொடும்போதெல்லாம் அந்த ஜீப்பு நெனப்பு வந்துரும். ஏன்னு கேக்காத. சொல்லத்தான் இன்னைக்கு வரச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை நீ அண்ணாச்சி வீட்டுக்குப் போயி, இத வாசிச்சுக் காட்டி, ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தேல்ல? அது எனக்குத் தெரியாதுன்னுதானே இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருக்க? தெரியும். அண்ணாச்சியே சொன்னாக. கர்ணன்னு ஒரு பய வந்தான், ரொம்ப வருசத்துக்கப்புறம் இது அவன் கையிலதான் பாடுச்சுன்னாக. மதுரைல ஒரு பாட்டுக் குரூப்பு அவனக் கூப்புடுது, கரண்டு மாண்டலின் வேணாம், பழைய மர மாண்டலினோட வந்தா வேலை உண்டுங்குறாகளாம், சனிக்கிழமை மிச்சப் பணத்தக் கொண்டாறேன்னுருக்கான்னாக. எல்லாம் சொன்னாக.

நான் போனது வேற சோலிக்கு. அவுக கோயம்புத்தூர்ல மக வீட்டோட போயிர்றாக, ஒரு ஜெபம் பண்ணி வழியனுப்பலாம்னு போனேன். பொட்டியத் தொறந்து காட்டுனாக. ஒரு கம்பிய, ஒரே ஒரு கம்பியத்தான் சுண்டுனேன். அம்புட்டுத்தான் கர்ணா. தம்பி படிப்பு, தங்கச்சி கல்யாணம், அம்மா ஆஸ்பத்திரின்னு ஓடுனவ, எனக்குன்னு ஒரு பொருள் வேணும்னு அதுக்கு முன்ன நெனச்சதே இல்ல.

அப்பத்தான் கேட்டாக. டீச்சர், உங்ககிட்டப் படிச்ச பயதானாம்ல, குடிப்பான்னு சொல்றாகளே, நாளைக்கே இதக் கொண்டு போயி வித்துக் குடிச்சுட்டா என்ன செய்யிறது, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்னாக.

உனக்குத் தெரியும், இந்த ஊர்ல பொண்ணு குடுக்குறதுன்னாலும் கடையில ஆள் சேக்குறதுன்னாலும், உங்ககிட்டப் படிச்சவன்தானே, எப்படின்னு எங்கிட்ட வந்து கேட்டுட்டுத்தான் செய்வாக. நான் சொன்னா அது சர்டிபிகேட்.

நீ குடிய விட்டு அன்னைக்கு ரெண்டு வருசம் நாலு மாசம். உன் பொண்டாட்டி ராமுத்தாய் இந்த நாக்காலில உக்காந்து நாளெண்ணிச் சொல்லி அழுதவ, சந்தோசத்துல. எனக்குத் தெரியாதா?

நான் பொய் சொல்லல. அத மனசுல வச்சுக்கோ. அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பல அண்ணாச்சின்னேன். சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அம்புட்டுத்தான் செஞ்சது. தன்கிட்டப் படிச்ச பயலக் காட்டிக்குடுக்க டீச்சருக்கு மனசு வரலன்னு அவுகளா புரிஞ்சுக்கிட்டாக. பொட்டிய மூடப் போனாக. அந்தக் கையப் புடிச்சு நிறுத்துனவ நான்தான். நான் வாங்கிக்கிறேன்னேன். வாசிப்பீகளான்னாக. வாசிப்பேன்னேன்.

ஏன் நிறுத்திட்ட? கம்பி முறுக்குற அந்தக் கீயத் திருப்பு, பாதில நிக்குது.

மறுநாள் நீ மிச்சப் பணத்தோட போனப்ப, வேற ஆளுக்குக் குடுத்தாச்சுன்னு அட்வான்ஸக் கையில திணிச்சு அனுப்பிட்டாக. காரணம் சொல்லிருக்க மாட்டாக, நல்ல மனுசன். அடுத்த வாரம் நீயே இங்கன கம்பி மாத்த வந்து, உங்க கைக்கு வந்ததுல சந்தோசம் டீச்சர்னு சொன்ன. அப்பச் சொல்லிருக்கணும். அதுக்கப்புறமும் மூணு தடவ வந்துட்ட. சொல்லல. பயம்னு நெனைக்காத. மன்னிச்சுரு கர்ணான்னு சொன்னா, அடுத்த வார்த்தையா எடுத்துட்டுப் போப்பான்னு வரணும்ல? அந்த ரெண்டாவது வார்த்த எனக்கு வாயில வரல. இன்னைக்கும் வரல, பாத்தியா? மொத வார்த்தைய மட்டும் சொல்றேன். மன்னிச்சுரு. பாதிக் கணக்குக்கு நான் யாருக்கும் மார்க் போட்டதில்ல. நீயும் போட வேணாம்.

முடிஞ்சுச்சா? வாசிச்சுப் பாக்கலையா? ரெண்டு வரி வாசிச்சுட்டுத்தானே எப்பவும் எங்கையில குடுப்ப?

சரி. பொட்டியிலயே வையி.

என்ன கேட்ட? எண்ணூறா? இல்லப்பா, அதிகம்னு சொல்லல. நாலு தடவ வந்து ஒத்தப் பைசா தொட்டதில்ல, உங்ககிட்ட வாங்குவேனா டீச்சர்னு கும்புட்டுட்டுப் போவ, அதான் சட்டுனு புரியல. நியாயமான கூலிதான். இரு, எடுத்துட்டு வாறேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள பேங்க் மெசினுக்குப் போயிட்டு வந்து, அண்ணாச்சிக்கு இருபத்திரெண்டாயிரத்தையும் மொத்தமாக் குடுத்து முடிச்சேன், விடிஞ்சா நீ வந்துருவன்னு. இன்னைக்குச் செப்டம்பர் பதினாறு, உனக்கு எண்ணூறு. இந்தா.

எண்ணுறியா? எண்ணு கர்ணா. நல்லா எண்ணிப் பாத்துக்கோ.