அசையாமப் பிடிங்க

— சன்னலுக்கு முதுகக் காட்டாத பிரிஸ்கில்லா, முகம் கறுப்பா விழுது. வெளிச்சம் மூஞ்சிக்கு எதிர்ல இருக்கணும். இது அடிப்படை விதி.

— நாளைக்கு மதுரை ஆஸ்பத்திரியில தொண்டையக் கீறி குரலையே எடுக்கப் போறாங்க. மூஞ்சி எப்படி விழுந்தா என்னங்க?

— இந்த ஆண்டனிராஜ் சும்மா சொல்ல மாட்டான். ஆன்லைன்ல வீடியோ கிளாஸ் முடிச்சு சர்டிபிகேட் வாங்கினவன்.

— தெரியுமே. லேமினேஷன் பண்ணி மாதா படத்துக்கு மேல மாட்டியிருக்கீங்க. சாணார்பட்டி சர்ச்சுல உங்க தங்கச்சி மகன் புதுநன்மை வாங்குனத வீடியோ எடுத்தீங்களே, ஜூம் பண்ணிப் பண்ணி, பாத்த அம்புட்டுப் பேருக்கும் கிறுகிறுத்துப் போச்சு.

— அது கிளாசுக்கு முன்னாடி. இப்ப கிட்டத்துல காட்டணும்னா நானே கிட்ட வாரேன். முழங்கைய விலாவோட ஒட்டி, மூச்சப் பிடிச்சு, அசையாம... ம், எழுதிக் குடுத்தத வாசி.

— "என் பாசமிகு புதல்வி அனிஷாவே! கடல் கடந்து வாழும் கண்மணியே!" ஏங்க, இத நான் பேசுனேன்னு அவ நம்பவா செய்வா? பொறந்ததுலருந்து 'ஏ கழுத'ன்னு கூப்பிட்டவ நான்.

— கட்! காலத்துக்கும் நிக்கப் போற ஆவணத்துல கழுத என்ன கழுத? உன் குரல் இனிமே இதுல மட்டுந்தான்.

— அப்ப மொதல்ல அந்த ஃபேன நிறுத்துங்க. என்னைய விட அதுதான் கடகடன்னு பேசுது.

— அட... படத்த விட சத்தந்தான் முக்கியம்னு கிளாஸ்ல சொன்னாங்க. மறந்தே போச்சு. நிறுத்திட்டேன், பேசு.

— போன் ஆடுதுங்க.

— ஆடலையே.

— முழங்கைய ஒட்டி வச்சும் ஆடுது. கண்ணு வேற கலங்குது. அதுக்கு கிளாஸ்ல ஒண்ணும் சொல்லலையா?

— வேர்வை. ஃபேன நிறுத்தச் சொன்னது நீதான. அனிஷாவுக்கு என்ன சொல்லணுமோ சொல்லு.

— அவகிட்ட நேத்தே தொண்ட நோக நோகப் பேசிட்டேன். அந்தத் தாள மடிச்சு வைங்க. மூச்சப் பிடிங்க.

— சரி... ஓடுது.

— ஏங்க... சோறு போட்டாச்சு, சாப்பிட வாங்க. எம்புட்டு நேரந்தான் கூப்புடுறது? வெஞ்சனம் ஆறுது.

— இதென்ன இது? இத யாருக்கு அனுப்ப?

— யாருக்கும் அனுப்ப வேணாம். நான் கூப்பிடாம நீங்க ஒரு நாளும் சாப்பிட வந்ததில்ல. ஆஸ்பத்திரியிலருந்து வந்தப்பறம், தட்ட வச்சதும் இத நான் போட்டு விடுறேன். சத்தம் கேட்டதும் வந்துருங்க.