உழாத வயலின் விலை

நெட்டையா, இந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்க வேண்டியது.

இது இறந்துபோன என் கணவரிடம் சொன்னது. வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவேன். என் வாக்குமூலத்தில் அதையும் எழுதச் சொன்னேன், நீதிமன்ற எழுத்தர் எழுதிக்கொண்டார். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டாவது வீட்டில் குடியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன் என் கணவர் எங்கள் கீழ்வயலை டிராக்டரில் உழுதுகொண்டிருந்தபோது, சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் நான்கு மண் நிறத்தில் கிடந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். அதன் பிறகு அந்த வயலை உழவே இல்லை. "வயித்துக்கு என்ன பண்றது?" என்று கேட்டேன். "நமக்கு மேல்வயல் இருக்கில்ல? இதுங்களுக்கு வேற எங்க இருக்கு?" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் முட்டைக் காலத்தில், மாடு மிதித்துவிடாமல் இருக்க, வரப்பில் குடையோடு உட்கார்ந்திருப்பார். நான் சாப்பாடு கொண்டுபோனால் குருவிகள் கத்தும். "கத்தாதீங்கடி, நம்ம வீட்டு ஆளுதான்" என்பார்.

அவர் இறந்து எட்டாம் மாதம், பறவைகளுக்காக அரசாங்கம் எங்கள் பக்கத்து நிலங்களை வாங்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. பறவை அதிகாரி கீழ்வயலைப் பார்த்துவிட்டு, "இதுதாம்மா முக்கியமான இடம்" என்றார். அதன் பிறகு விலை போடும் அதிகாரி வந்து, கடைசியாக எப்போது உழுதீர்கள் என்று கேட்டார். "ஏழு வருஷமாச்சு சார். ஒரு மண்கட்டியக்கூட உடைக்க விடல அந்த மனுசன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தரிசு என்று எழுதிக்கொண்டார். அது தெரியாமல் அவருக்குச் சர்க்கரை தூக்கலாக டீயும் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு கடிதம் வந்தது. உழுது பயிர் வைத்த பக்கத்து வயலுக்குப் போட்டதில் பாதிதான் எங்கள் வயலுக்கு விலை. அந்தப் பக்கத்து வயலில் ஒரு குருவிகூட இல்லை.

இன்று காலை என் வக்கீல், "போன வருஷம் வரைக்கும் பயிர் வச்சோம்னு சொல்லிடுங்கம்மா, முழு விலை கேட்டுடலாம். யாரு பாத்தா?" என்றார். "குருவிங்க பாத்துச்சே" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

உழவில்லை என்பதே உண்மை. உழாததால்தான் குருவிகள் இருக்கின்றன, குருவிகள் இருப்பதால்தான் அரசாங்கம் அந்த வயலைக் கேட்கிறது. அப்படியிருக்க ஏன் பாதி விலை என்று நீதிமன்றம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. என் பெயரை நானே எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுகிறேன்.

நெட்டையா, அன்னைக்கு நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணுமா?