லோதரின் நீச்சல் தொட்டியை நான் சுருட்டி வைத்த விதம்

காற்றடைக்கும் நீச்சல் தொட்டியைக் குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கும்போது கவனிக்க வேண்டியது ஈரத்தைத்தான், திரு. பிரிங்க்மன். மடிப்புக்குள் ஒரு சொட்டு தங்கினாலும் பூஞ்சை பிடித்துவிடும். தோட்டத் துண்டுகளைக் குத்தகைக்கு விடும் சங்கத்துக்கே தலைவர், உங்களுக்குத் தெரியாததா. உங்கள் காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

போன செப்டம்பரிலும் அந்த வேலை என் தலையில்தான் விழுந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு என் கணவர் லோதருக்குக் குனிய முடியாது. தொட்டியில் இறங்க முடியும், மதியம் முழுக்க மல்லாந்து கிடக்க முடியும், குனியத்தான் முடியாது. தண்ணீரை வெளியேற்றி, வினிகர் கலந்த வெந்நீரால் பாசியைத் தேய்த்தேன். அடியில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. என் தலைமுடியைத்தான் பார்க்கிறீர்களே, காதுக்கு மேலே வெட்டியது.

ஊசி பக்கத்துத் தோட்டத்துக் குட்ரூனுடையது. கணவனை இழந்தவள். கோடை முழுக்க நாலு மணியானால் பிளம் கேக்கும் நீச்சல் உடையுமாக வந்துவிடுவாள். அதில் தப்பில்லை. இரண்டு பேர் தாராளமாகக் கிடக்கலாம், அவ்வளவு பெரிய தொட்டி.

"ரோஸி, நீயும் வாயேன், தண்ணி இதமா இருக்கு" என்பாள்.

"அவளுக்குத் தண்ணின்னாலே ஆகாது, விடு" என்பார் லோதர்.

நான் பால்டிக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம் ஆகிறது.

தொட்டியை இரண்டு நாள் வெயிலில் போட்டேன். மடிப்புகளைத் துண்டால் ஒற்றி, ஒட்டாமலிருக்க டால்கம் பவுடர் தூவினேன். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு குட்ரூன் குருவிகளுக்கு வைக்கும் சூரியகாந்தி விதையில் இரண்டு கை அள்ளி வந்து, மடிப்புக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சுருட்டி, கருவிக் கொட்டகையில் வைத்தேன். குளிரில் எலிகளும் சாப்பிட வேண்டுமே.

மே மாதம் லோதர் காலால் பம்பை மிதித்தார், மிதித்துக்கொண்டே இருந்தார். தொட்டி எழவில்லை. பிரித்துப் பார்த்தால் சல்லடை. மடிப்பெல்லாம் விதைத் தோல். கோடு போட்ட அந்த விதையை இந்தப் பக்கத்தில் குட்ரூன் மட்டும்தான் வாங்குகிறாள். லோதர் வேலியோரம் போய் நின்றார்.

"உன் குருவிக்குக் கொட்டிக் கொட்டி எலிப் பண்ணையே வச்சுட்ட."

"நான் என்ன பண்ணேன் லோதர், வருஷக்கணக்கா வைக்கிறதுதானே" என்று அழுதாள்.

அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தது நான்தான். உங்களுக்கு வந்த புகார்க் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான், லோதர் கையெழுத்து மட்டும் போட்டார். குட்ரூன் பத்தொன்பது வருடம் ஆண்ட இடத்தை இந்த மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லி நீங்களும் உத்தரவு போட்டுவிட்டீர்கள்.

இதை இப்போது ஏன் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. எலியை வரவழைத்தது நான். பழியை அவள் மேல் போட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குட்ரூன் போகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

நேற்று அவள் இடத்தைப் பார்க்க ஒருத்தி வந்திருந்தாள். நீச்சல் பயிற்சியாளராம், நாற்பதுகூட ஆகியிருக்காது. அங்கிருக்கும் பாதாமிப் பழ மரத்தை வெட்டிவிட்டு, தரையைத் தோண்டி நிரந்தரமாகவே ஒரு குளம் கட்டப்போகிறாளாம். அவள் அளந்துகொண்டிருந்தாள், நாடாவின் மறுமுனையை லோதர் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கும் நான் இங்கே வந்ததற்கும் சம்பந்தமில்லை.